திருவள்ளூர்க் குளத்தில் அரைக்கிலோ வெல்லம்

திருவள்ளூர்க் குளத்தின் படியில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள். கைகளுக்கு நடுவில் ஒரு வெல்ல உருண்டை, அரைக்கிலோ. காலையில் பிடித்தது, சூரியன் உச்சிக்கு வந்தும் விடவில்லை.

சுற்றிலும் அமாவாசைக் கூட்டம். முழுகுகிறவர்கள், தலை துவட்டுகிறவர்கள், ஈரத் துண்டைப் பிழிகிறவர்கள். பிழிந்த தண்ணீர் என் முதுகில் விழுகிறது. நான் நகரவில்லை. நகர்ந்தால் வெல்லம் நழுவிவிடும் என்று பயம்.

பக்கத்தில் ஜாபர். பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"எவ்ளோ கரைஞ்சிருக்கும் மச்சான்?"

"பாதி போயிருக்கும்டா."

"பாதிதானா? விடியங்காட்டி வந்தது. இது இன்னா வெல்லமா, வார்ப்பு இரும்பா?"

எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. முந்தின நாள் பட்டறையில் வேலை முடித்து, சரியாகத் தூங்காமல் வந்தவன். கண் தானாகச் சொருகிக்கொண்டு போனது.

பிள்ளைகளே, வாரா வாரம் உங்களுக்கு எழுதுகிறேனே, போன வாரம் நான் வேலை கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, சின்னவன் என்னிடம் ஒன்று கேட்டான். "ஏம்பா, நீ மட்டும் ஏன் ஸ்பூன்லயே சாப்பிடுறே? துரை வீட்டுப் பிள்ளையா நீ?" உங்கள் அம்மா சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் ஏதோ சொல்லி மழுப்பினேன். வாயால் சொல்ல வராதது சில சமயம் எழுத வரும். அதனால்தான் இந்த வாரம் குளம்.

பால் மாதிரி ஒரு தண்ணீர்

அப்போது நாங்கள் மேனாம்பேட்டில் ஓடு போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். நானும் என் அம்மாவும்தான். அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து ரப்பர் வாஷர்களை மூட்டையாக வாங்கி வந்து, ஓரத்துப் பிசிறைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பாள். வீடு முழுக்க ரப்பர் நாற்றம் அடிக்கும். இன்றைக்கும் புது டயர் கடையைத் தாண்டினால் எனக்கு அம்மா ஞாபகம் வரும்.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன். பகலில் படிப்பு. சாயங்காலம் நாலரைக்கு மேல் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை. பாதிநாள் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அம்மா கைகழுவப் போவாள், திரும்பி வந்து பார்த்தால் நான் தட்டுக்குப் பக்கத்திலேயே தூங்கியிருப்பேன்.

லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு ஏறும். சூடு ஏறாமல் இருக்க ஒரு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கூலண்ட் என்று பேர். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக, நுரையாக இருக்கும். நாலு நாளானால் அழுகின முட்டை நாற்றம். பட்டறைகளில் அதைச் சுலபமாக மாற்ற மாட்டார்கள். அதற்குள்தான் கை நாள் முழுக்க ஊறும்.

எனக்குப் பட்டறையில் சேர்ந்த எட்டாவது மாதத்தில் ஆரம்பித்தது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. அப்புறம் சின்னச் சின்னக் கொப்புளம். அப்புறம் உள்ளங்கை முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, ரேகை ஓடுகிற இடமெல்லாம் வெடித்தது. உப்போ, மிளகாயோ பட்டால் உயிர் போகும். ரசம் சோற்றைக் கண்டாலே பயம்.

தர்மாஸ்பத்திரி டாக்டர் ஊதா மருந்து தடவிவிட்டு, "தண்ணியிலயும் எண்ணெயிலயும் கை வைக்காத, சரியாயிடும்" என்றார். லேத்தில் நிற்கிறவனிடம் அப்படிச் சொன்னால் என்ன செய்வான்? தலையாட்டிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

அம்மாவுக்கு அவள் வைத்தியம். வேளாங்கண்ணி எண்ணெயை ராத்திரி என் கையில் தடவி, முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்வாள். சொல்லிக்கொண்டே அவளும் தூங்கிப்போவாள். அவளுக்கும் களைப்புதானே.

இரண்டு கடிதங்கள்

அந்த நேரத்தில்தான் ஆவடிப் பக்கம் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து அப்ரெண்டிஸ் வேலைக்குக் கடிதம் வந்தது. எங்கள் வகுப்பில் இரண்டே பேருக்கு. ஒன்று எனக்கு, இன்னொன்று ஜாபருக்கு.

ஜாபரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரையான்சாவடியில் அத்தா என்று அவன் கூப்பிடுகிற அப்பாவுக்குத் தையல் கடை. அண்ணன் தம்பியெல்லாம் கடையில் உட்கார்ந்துவிட, இவனை மட்டும் அவர் ஐ.டி.ஐ.க்குத் துரத்திவிட்டார். காரணம், இவனிடம் பச்சை நூல் எடுடா என்றால் பழுப்பு நூலை எடுத்து வருவான். கவனமில்லாத பயல் என்று பேர். நூல் கண்டு எடுத்த விஷயத்தில் அவன் வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. ஆனால் லேத்தில் நின்றால் அவன் கை பேசும். மைக்ராமீட்டர் வைத்துப் பார்த்தால் முடி அளவுகூடப் பிசகாது. வாத்தியாரே அவன் செய்த துண்டை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவார்.

அந்தக் கடிதத்தின் கடைசி வரி, வரும் திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை என்றது. அதில் தேறினால்தான் வேலை.

தோல் வியாதி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு முந்தின வருஷத்துப் பையன் ஒருவன் முழங்கையில் படை இருந்ததற்கே திரும்பி வந்தான். என் கையைப் பார்த்தால் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்.

இது கிடைக்காவிட்டால் அந்தப் பட்டறைதான், அந்தப் பால் தண்ணீர்தான், சாகிறவரைக்கும். அம்மாவும் சாகிறவரைக்கும் பிசிறு வெட்ட வேண்டும். எனக்கு அது தெரிந்திருந்தது.

பட்டறையில் என் பக்கத்து லேத்தில் நின்ற முனுசாமி அண்ணாத்தேதான் வழி சொன்னார். "திருவள்ளூர் குளத்துக்குப் போடா. அங்க கீறது வைத்திய சாமி. அமாவாசைல வெல்லம் போடணும். வெல்லம் கரையக் கரைய உன் நோவும் கரையும். என் மவளுக்குக் கழுத்துல மரு மருவா இருந்துது. இப்ப வந்து பாரு." அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டதால் மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்த மிச்சம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அமாவாசை வியாழக்கிழமை வந்தது. பரிசோதனைக்கு இடையில் மூன்று நாள்.

வைத்திய ஊர்

அம்மாவிடம் ஜாபர் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அம்மாவிடம் சொன்ன பொய்களில் அது ஒன்று. இன்னொரு பொய் பின்னால் வருகிறது, அது அம்மாவிடம் சொன்னது இல்லை.

அம்பத்தூரில் நான் ரயில் ஏறினேன். ஆவடியில் ஜாபர் ஏறினான். வியாதிக்காரர்களுக்கென்றே விட்ட ரயில் மாதிரி இருந்தது அது. ஒருத்தருக்குக் கால் வீக்கம். ஒரு குழந்தைக்குத் தலையெல்லாம் சிரங்கு. யாரும் யாரையும் அருவருப்பாகப் பார்க்கவில்லை. நான்தான் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றேன்.

"கையை எடுத்து வெளிய வுடுறா" என்றான் ஜாபர். "இங்க உன் கைக்குத்தான் மருவாதி. என் கை சும்மா கீது, ஒருத்தனும் சீட்டு குடுக்க மாட்றான்."

பட்டாபிராம் தாண்டினதும் வயல்காற்று வந்தது. வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ஸ்டேஷன் ஒவ்வொன்றாகப் போக, நான் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். அடுத்தது திருவள்ளூர்தான் என்று புட்லூரில் ஜாபர் உலுக்கி எழுப்பினான்.

திருவள்ளூர் பழைய ஊர். எத்தனையோ தலைமுறையாக உடம்பு சரியில்லாதவர்கள் தேடி வருகிற ஊர். மற்ற ஊர்களில் வைத்தியரைத் தேடி வருவார்கள், இங்கே தண்ணீரைத் தேடி வருகிறார்கள். கோவிலைச் சுற்றிக் கடைகளில் வெல்லம், உப்பு, மிளகு. தட்டுத் தட்டாக வெள்ளிநிறத் தகடுகள். கால் வடிவம், கை வடிவம், கண் வடிவம், வயிறு, முழு ஆள். எந்த உறுப்பில் நோயோ அந்தத் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்களாம்.

எனக்கு ஒரு பக்கம் உறுத்தல். கழுத்தில் மாதா சுரூபம் போட்ட கயிறு. அதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். அப்புறம் அது இன்னும் பெரிய துரோகம் மாதிரி தோன்றியதால் எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு மாட்ற, கழட்ற?" என்றான் ஜாபர். "நான் கழட்டறதுக்கு ஒண்ணுமில்ல பாரு, நிம்மதியா கீறேன்."

வெல்லம் விற்ற அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு, அஞ்சாவது ஆளோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு சின்னத் துண்டு கேட்டேன். ஜாபர் குறுக்கே விழுந்தான்.

"துண்டெல்லாம் பத்தாது மச்சான். உன் கை கீற கண்டிஷனுக்கு அரைக்கிலோ உருண்டை போட்டாத்தான் ஆவும். மொத ரஃப் கட்டு, அப்புறம் ஃபினிஷிங்."

அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அரைக்கிலோவா? குளத்துல பாயசம் வெக்கப் போறீங்களா?" என்றாள். ஆனால் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

படியிறங்கும்போது, செருப்பை எங்கே விட்டோம் என்று கேட்டேன். "அதான்டா, அந்தப் பச்சைப் புடவக்காரம்மா கடையாண்ட" என்றான் ஜாபர். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கட்டியிருந்தது செங்கல் நிறப் புடவை. "பச்சையா? உனக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சாடா" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

கரையக் கரைய

ஒரு கிறிஸ்தவப் பையனும் ஒரு முஸ்லிம் பையனும் பெருமாள் குளத்துக்கு வெல்லத்தோடு போனால் என்ன நடக்கும்? யாரிடமாவது முறையைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ யார், எந்த ஊர், எந்தக் கோவில் என்று திருப்பிக் கேட்பார்களே என்று பயம். ஆகவே நாங்களே யோசித்துக்கொண்டோம்.

வெல்லம் கரையக் கரைய நோவும் கரையும். அப்படியானால் வெல்லம் கையில் இருக்க வேண்டும். கை தண்ணீரில் இருக்க வேண்டும். முழுக்கக் கரைகிறவரைக்கும் விடக்கூடாது. இதுதான் எங்கள் முடிவு. லேத்தில் அளவு வருகிறவரை வேலையை மிஷினை விட்டு இறக்கக் கூடாது என்று படித்தவர்கள் இல்லையா, அந்தப் புத்திதான்.

முதல் பத்து நிமிஷம் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் எரிச்சல் அடங்கிக் குளிர்ச்சி ஏறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விரல்களில் ஏதோ குறுகுறு என்றது. பயந்துபோய்ப் பார்த்தேன். மீன். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், நூறு இருக்கும். வெல்லத்துக்கு வந்தவை என் கைச் செதிலையும் கொத்திக்கொண்டிருந்தன.

"மச்சான், உன் கைய மீன் துன்னுது."

"தெரியுதுடா."

"வலிக்குதா?"

வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் கை அரிக்கவில்லை. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்? நீங்கள் நல்ல வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்வீர்களே, அதைப் போல. ஆனால் நிற்காமல்.

இன்னொன்றும் உண்டு. பட்டறையில் சேர்ந்ததிலிருந்து நான் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்ததே இல்லை. அங்கே உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் எத்தனை பீஸ் ஆச்சு என்று கேட்கவில்லை. மேஸ்திரி இல்லை, மணி இல்லை. அப்படியே தூங்கிவிட்டேன். தலை ஜாபரின் தோளில் சாய்ந்திருந்தது. அவன் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, வெல்லம் நழுவாமல் பார்த்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்தபோது படியில் கூட்டம் பாதியாகியிருந்தது. அவன் சட்டை முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் வெல்லக்கார அம்மா குடத்தோடு தண்ணீர் எடுக்க வந்தாள். எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"தம்பிங்களா, இன்னும் நீங்க போவலியா?"

"கரையலைம்மா" என்றேன்.

"எது கரையல?"

கையைத் தூக்கிக் காட்டினேன். நெல்லிக்காய் அளவு வெல்லம் மிச்சம் இருந்தது.

அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அட கடவுளே. தூக்கிப் போட்டுட்டு ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போறதுதானேப்பா. ரெண்டு நிமிஷ வேல. யாரு உங்களைப் புடிச்சிக்கினு உக்காரச் சொன்னது?"

ஜாபர் என்னைப் பார்த்தான். நான் ஜாபரைப் பார்த்தேன். அவன் அப்படியே படியில் மல்லாந்து படுத்துவிட்டான். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "ரெண்டு நிமிஷமாம் மச்சான். ரெண்டு நிமிஷம்."

அந்த அம்மா போகும்போது ஜாபரிடம் சொன்னாள். "அந்த மிச்சத்தை நீ உன் பேருக்குப் போடு தம்பி. எது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

நான் அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கினான். தண்ணீரைப் பார்த்தான், வெல்லத்தைப் பார்த்தான்.

"எனக்கு இன்னா கீது? கல்லாட்டம் கீறேன்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

எறும்பு

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் இரண்டு கையும் ஊறி, வெளுத்து, பன் மாதிரி உப்பியிருந்தன. அம்மா வாஷர் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஜாபர் ஊட்ல என்ன சமையல்?" என்றாள்.

"பிரியாணிம்மா."

"பிரியாணிக்கா இவ்ளோ எறும்பு வருது?"

கீழே பார்த்தேன். வாசலிலிருந்து ஒரு வரிசை எறும்பு என் பேன்ட் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. பாக்கெட்டில் வெல்லம் சுற்றின தாள்.

மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தரியை வைத்துவிட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு மாசமா முழங்காலு தேய மாதாகிட்ட கேக்கறேன். நீ அங்க போய்க் கேட்டியா?"

நான் காலில் ஏறின எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, எங்கயோ ஒரு எடத்துல கேட்டா சரி" என்றாள். எழுந்து போய்ச் சோறு பிசைந்து கொண்டு வந்தாள். "வாயைத் தெற."

பதினெட்டு வயசுப் பையனுக்கு அம்மா ஊட்டினாள். ஒரு கவளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அவள் வாஷர் வெட்டுவதை அதோடு நிறுத்திவிட்டாள்.

அந்தக் கையோடு லேத் ஹேண்டிலைப் பிடிக்க முடியாது. ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு பட்டறைக்குப் போகவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் மட்டும் தடவினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனபோது வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. திங்கட்கிழமை காலையில் லேசான சிவப்பு மட்டும்தான்.

குளமா, மீனா, மாதாவா, மூன்று நாள் ஓய்வா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு வயதாக ஆக, ஓய்வு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஓய்வை யார் கொடுத்தார்கள் என்றும் ஒரு கேள்வி இருக்கிறதே. முறை தெரிந்து இரண்டு நிமிஷத்தில் வெல்லத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தால், அன்றைக்குச் சாயங்காலமே நான் பட்டறையில் நின்றிருப்பேன்.

திரைக்குப் பின்னால்

திங்கட்கிழமை. நீளமான அறை, நடுவில் வெள்ளைத் துணித் திரை. எனக்குப் பின்னால் ஜாபர்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, அதில் தெரிகிற எண்ணைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு, "கையைக் காட்டு."

நீட்டினேன். திருப்பினார். கட்டைவிரலால் அழுத்தினார்.

"அரிப்பு, புண்ணு ஏதாவது உண்டா?"

"இல்ல சார்."

இதுதான் நான் சொன்ன இன்னொரு பொய். நாலு எழுத்துகூட இல்லை. அவர் காகிதத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் திரைக்கு இந்தப் பக்கம் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பேசுவது கேட்டது.

"இதுல என்ன நம்பர்?"

"நம்பரா? எங்க சார்?"

"இந்தப் புள்ளிக்குள்ள. நல்லாப் பாரு."

"புள்ளிதான் சார் கீது."

பக்கம் புரளும் சத்தம்.

"இதுல?"

"இதுலயும் புள்ளிதான் சார்." ஜாபர் டாக்டர் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான். குரலில் சிரிப்பு இருந்தது. "எங்க ஃப்ரெண்டுக்கும் இதான் காட்டுனீங்களா சார்?"

இன்னும் இரண்டு மூன்று பக்கம் புரண்டது. பிறகு டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். "உன் மேல தப்பில்லப்பா. பொறப்புலயே வர்றது. சிவப்பு, பச்சை உனக்குப் பிரிச்சுத் தெரியாது. இங்க எடுக்க மாட்டாங்க."

"மருந்து கீதா சார்?"

"இல்ல."

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றோம். ஜாபர் ஒரு சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தான்.

"அப்ப எங்க அத்தாகிட்ட நூலுக்கு வாங்கின ஒதையெல்லாம் வேஸ்ட்டா மச்சான்?" என்றான்.

பிறகு, "அந்த வெல்லத்த முழுங்கினதுதான் தப்பாப் பூட்ச்சு" என்றான். சிரிக்க முயற்சி செய்தான். செங்கல் நிறப் புடவை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கண் வடிவத் தகடும்.

சட்டை நுனி

நான் வேலையில் சேர்ந்தேன். அம்மா பிசிறு வெட்டுவதை நிறுத்தினாள். உங்கள் அம்மா வந்தாள், நீங்கள் வந்தீர்கள், கோவில்பதாகையில் இந்த வீடு வந்தது. எல்லாம் அந்த வேலையால் வந்ததுதான்.

ஆனால் பெரிய தொழிற்சாலையிலும் லேத் லேத்துதான். அங்கேயும் அதே பால் தண்ணீர். இரண்டாவது மாதமே கை பழையபடி ஆகிவிட்டது. அரிப்பு இல்லை என்று சொல்லிச் சேர்ந்தவன் யாரிடம் போய்க் காட்டுவான்? கையுறை போட்டால் லேத் கையோடு சேர்த்து இழுத்துவிடும். அதனால் மறைத்தேன். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை.

ஸ்பூன் அதற்காகத்தான். துரைத்தனம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் தலைக்கு நான் எண்ணெய் வைக்காததும் அதற்காகத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது கையைக் கொடுக்காமல், சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? என் கை சொரசொரப்பு உங்களுக்கு உறுத்துமே என்று. சொல்லாமலே இருந்துவிட்டேன். நீங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு பழக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஜாபர் அவன் அத்தா கடைக்கே திரும்பிப் போனான். கல்யாணம் ஆனதும் அவன் வீட்டுக்காரி ஒவ்வொரு நூல் கண்டிலும் நிறத்தின் பேரைப் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டாள். அப்புறம் தப்பு வரவில்லை. லேத்தில் முடி அளவு பிசகாத கை, தையலிலும் பிசகாது. கரையான்சாவடி கடைவீதியில் அவன் தையலுக்குப் பேர் உண்டு.

பெரியவளே, இனி எழுதுவது உனக்கு.

நீ நாலாவது சேர்ந்த வருஷம். பச்சைப் பாவாடை யூனிஃபார்ம். துணியை ஜாபரிடம்தான் கொடுத்தேன். அவன் வீட்டுக்காரி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்த சமயம். புதுசாக வாங்கின நூல் கண்டுகளில் பேர் ஒட்ட ஆள் இல்லை.

வேலை முடிந்து, உடம்பு வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கடையில் இறங்கினேன். அவன் பாவாடையை விரித்துக் காட்டினான். ஓரம் சுற்றிலும், இடுப்புப் பட்டியிலும், ஒரே சீராக, அழகான தையல். செங்கல் நிற நூலில்.

"எப்படி கீது?" என்றான்.

"நல்லா இருக்குடா" என்றேன்.

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செய்தித்தாளில் மடித்துச் சுற்றிக்கொண்டே, "கை எப்படி கீது இப்ப? பாக்கெட்லயே வெச்சிகினு நிக்கிற. காட்டு" என்றான்.

காட்டினேன். அன்றைக்கு ரொம்ப மோசம். உள்ளங்கை முழுக்க ரத்தச் சிவப்பு. கடைக்கு வந்திருந்த இன்னொரு ஆள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜாபர் குழல்விளக்கடியில் என் கையைப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்தான். விரலால் தடவினான்.

"கொஞ்சம் சொரசொரன்னு கீது, அவ்ளோதான். எனக்கு உன் கை நல்லாத்தான் தெரியுது மச்சான்."

அதை அவன் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் நீ அழுதாய். பச்சைப் பாவாடையில் செங்கல் நிற நூல், எல்லாரும் சிரிப்பார்கள் என்று. உங்கள் அம்மாவும், கொண்டுபோய்ப் பிரித்துத் தைத்துக்கொண்டு வாருங்கள், எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு அலுப்பு, அதனால்தான் போகவில்லை என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். அலுப்பும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

உன்னைக் கிட்டே கூப்பிட்டு, பாவாடையை உன் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் ஒன்றுதான் சொன்னேன். "எனக்கு நல்லாத்தான் தெரியுது. போட்டுக்கோ."

நீயும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அந்த வருஷம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.